ஐம்பது கிலோமீட்டர் நடை போன பாதை

1976 செப்டம்பர் 18. ஸ்வீடனின் மால்மோ நகரில் தடகளத்துக்கென்று ஓர் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் 100 மீட்டர் ஓட்டம் இல்லை, நீளம் தாண்டுதல் இல்லை, ஈட்டி எறிதல் இல்லை. மொத்தமே ஒரு போட்டிதான்: ஆண்களுக்கான 50 கிலோமீட்டர் நடை.

அந்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து 50 கி.மீ. நடையை எடுத்துவிட்டார்கள். அதுவரை தடகளத்துக்கென்று தனியாக உலக சாம்பியன்ஷிப் கிடையாது. ஒலிம்பிக்கில் வென்றவரே உலக சாம்பியன். ஒலிம்பிக் தள்ளிவிட்டது என்பதற்காக ஒரு போட்டியைக் கைவிட சர்வதேச தடகள சம்மேளனத்துக்கு மனம் வரவில்லை. மான்ட்ரியல் முடிந்த ஏழாவது வாரத்தில் தானே ஒரு போட்டியை நடத்திவிட்டது. சோவியத் வீரர் வெனியமின் சல்தாத்தென்கோ, 37 வயதில், 3 மணி 54 நிமிடம் 40 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த மெக்சிகோ வீரர் என்ரிகே வேரா அவருக்கு மூன்றரை நிமிடம் பின்னால்.

நீரஜ் சோப்ரா 2023-ல் புடாபெஸ்டில் தங்கம் வென்றாரே, அந்த உலக சாம்பியன்ஷிப்பின் வேர் இந்த மால்மோ தெருக்களில்தான் இருக்கிறது. முறைப்படி முதல் உலக சாம்பியன்ஷிப் என்று 1983 ஹெல்சின்கியைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் ஒலிம்பிக்கை நம்பியிராமல் நமக்கென்று ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலில் செயலானது இந்த நடைக்காகத்தான். இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் பின்னால் நடந்தது எவ்வளவு வலிக்கக்கூடியது என்று புரியும்.

ஒலிம்பிக்கில் 50 கி.மீ. நடை பிறந்தது 1932-ல், லாஸ் ஏஞ்சலஸில். அதற்கு முந்தைய 1928 ஆம்ஸ்டர்டாமில் நடைப் போட்டியே இல்லை. முதல் தங்கத்தை வென்றவர் பிரிட்டனின் டாமி கிரீன், ரயில்வே பணிமனைத் தொழிலாளி. சிறு வயதில் எலும்பு மெலிவு நோயால் ஐந்து வயது வரை நடக்க முடியாமல் கிடந்தவர். முதல் உலகப் போரில் நச்சுப் புகையில் சிக்கியவர். போரில் பார்வை இழந்த ஒருவர் நீண்ட தூர நடைக்குப் பயிற்சி எடுத்தபோது துணைக்கு நடந்து, அப்படித்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தார். தங்கம் வென்றபோது வயது 38. நேரம் 4 மணி 50 நிமிடம் 10 விநாடி.

இந்தப் போட்டி ஆரம்பத்திலிருந்தே இப்படிப்பட்டவர்களையே தேடிப் பிடித்தது. பிறவி வேகம் உள்ளவர்கள் 100 மீட்டருக்குப் போனார்கள், பொறுமை உள்ளவர்கள் இங்கே வந்தார்கள். அவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் டான் தாம்ப்சன், காப்பீட்டு நிறுவன எழுத்தர். 1956 மெல்போர்னில் வெயில் தாங்காமல் எட்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது விழுந்துவிட்டார். அடுத்த ஒலிம்பிக் ரோமில், அங்கேயும் வெயில். ரோமின் வெயிலுக்கு இங்கிலாந்தில் எங்கே போய்ப் பழகுவது? தாம்ப்சன் தன் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அறையின் வெப்பத்தை 38 டிகிரிக்கு ஏற்றினார். முழுக்கைப் பயிற்சி உடையைப் போட்டுக்கொண்டு அந்த ஆவிக்குள் உடற்பயிற்சி செய்தார். சற்று நேரத்தில் தலை சுற்றும். வெப்பம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார். அடுப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு அது என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

1960-ல் ரோம் நகரச் சாலைகளில் குள்ள உருவம், கறுப்புக் கண்ணாடி, பிடரியை மறைக்கும் துணி தொங்கும் தொப்பி என்று அவர் நடந்தபோது இத்தாலியர்கள் ‘சுண்டெலி’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1948-ல் இதே போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடனின் ஜான் யுங்கிரென் கடைசி வரை விடாமல் துரத்தினார். நான்கரை மணி நேரத்தை ஒட்டி நடந்த அந்தப் போட்டியில் இருவருக்கும் இடைவெளி 17 விநாடி. தங்கம் தாம்ப்சனுக்கு.

நடைப் போட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. இடுப்பு ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள், அதன் காரணத்தைப் பார்ப்பதில்லை. விதி இரண்டு. ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருப்பதாக நடுவரின் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர் கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு எட்டை நீட்ட வேண்டுமானால் இடுப்பு சுழன்றே ஆக வேண்டும். சுற்றுப்பாதை நெடுக நடுவர்கள் நிற்பார்கள். கையில் மஞ்சள் வட்ட அட்டை. ஒரு பக்கம் அலைபோன்ற கோடு, மறுபக்கம் மடங்கிய முழங்கால்போல ஒரு கோணம். அது எச்சரிக்கை. முன்பெல்லாம் மூன்று வெவ்வேறு நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் போட்டியாளர் வெளியேற வேண்டியிருந்தது, அது ஐந்தாவது கிலோமீட்டர் ஆனாலும் சரி, ஐம்பதாவது ஆனாலும் சரி.

போலந்தின் ராபர்ட் கோஷெனியோவ்ஸ்கிக்கு அப்படித்தான் நடந்தது. 1992 பார்சிலோனாவில் இரண்டாமிடத்தில் வந்துகொண்டிருந்தவரை மைதானத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றரை மணி நேரத்துக்கும் மேலான நடை அங்கே வீணானது. அவர் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் 50 கி.மீ. தங்கம், சிட்னியில் 20 கி.மீ. தங்கமும் சேர்த்து நான்கு.

அவருக்குப் பின் வந்த காலத்தில் ஊக்கமருந்துக் கறையும் படிந்தது. 2012 லண்டனில் முதலாவதாக வந்த ரஷ்யாவின் செர்கே கிர்த்யாப்கினின் முடிவு ரத்தாகி, ஆஸ்திரேலியாவின் ஜாரெட் டாலன்ட் கைக்குத் தங்கம் வந்து சேர 2016 ஆகிவிட்டது. அந்த நான்கு வருடத்தை அவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

கறைக்கு நடுவே உச்சமும் வந்தது. 2014-ல் சூரிச்சில் பிரான்சின் யோஹான் தினிஸ் 3 மணி 32 நிமிடம் 33 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 15 விநாடி. இந்த வேகத்தில் மாரத்தான் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். நம் ஊரில் வருடக்கணக்காக ஓடிப் பழகியவர்களே ஏங்கும் நேரம் அது. தினிஸ் அதை நடந்தே கடந்து, மேற்கொண்டு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டரும் போனார்.

பிறகு அடி விழுந்தது. இவ்வளவு நேரம் தொலைக்காட்சியில் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி பழையது. அதோடு ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான போட்டிகள் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையும் சேர்ந்தது. பெண்களுக்கான 50 கி.மீ. நடையை 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் சேர்த்தார்கள். போர்ச்சுகலின் இனெஸ் என்ரிகெஸ் உலக சாதனையோடு வென்றார். சமத்துவத்துக்கு வழி அங்கேயே திறந்துதான் இருந்தது: அதே தூரத்தைப் பெண்களுக்கும் ஒலிம்பிக்கில் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், இருவரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

50 கி.மீ. நடை இடம்பெற்ற கடைசி உலக சாம்பியன்ஷிப் 2019 தோஹாதான். வெயிலுக்குப் பயந்து இரவு 11.30 மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். ஜப்பானின் யூசுகே சுசுகி வென்றார்; அவர் நேரம் நான்கு மணியைத் தாண்டியிருந்தது. 43 வயது போர்ச்சுகல் வீரர் ஜுவாவ் வியெய்ரா வெள்ளி, கனடாவின் எவான் டன்ஃபி வெண்கலம்.

கடைசி ஒலிம்பிக் 50 கி.மீ. டோக்கியோவில்கூட நடக்கவில்லை. வெப்பம் காரணமாக வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்ட் 6, அதிகாலை 5.30. சாதனையாளர் தினிஸ் பாதியிலேயே விலகினார். போலந்தின் டாவித் டோமாவா 3 மணி 50 நிமிடம் 8 விநாடியில் தங்கம் வென்றார். நான் சொல்ல விரும்புவது அவருக்குப் பின்னால் நடந்ததை. ஸ்பெயினின் மார்க் டூர் மூன்றாமிடத்தில் வந்துகொண்டிருந்தார். நாலாவது இடத்தில் டன்ஃபி. 2016 ரியோவிலும் டன்ஃபி நாலாவதுதான். அங்கே டன்ஃபியை இடித்துவிட்டு முன்னே போனதாக ஜப்பானின் அராயை முதலில் நீக்கி, மேல்முறையீட்டில் திரும்பச் சேர்த்தார்கள். அதற்கு மேல் வழக்கு வேண்டாம், இப்படி வரும் பதக்கம் வேண்டாம் என்று டன்ஃபி ஒதுங்கிக்கொண்டார். இப்போது மீண்டும் அதே இடம். கடைசிச் சில மீட்டர்கள். உடம்பு முழுக்கத் தளர்ந்த நிலையில் ஓர் உந்து உந்தி டூரைத் தாண்டினார். ஒலிம்பிக் 50 கி.மீ. நடை கொடுத்த கடைசிப் பதக்கம் அந்த வெண்கலம்.

2022 ஒரிகான் உலக சாம்பியன்ஷிப்பில் 50-க்குப் பதில் 35 கி.மீ. வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அதுவும் இல்லை, ஆணும் பெண்ணும் மாறி மாறி நடக்கும் தொடர் நடை ஒன்று இருந்தது. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் 35 கி.மீ. தங்கத்தை வென்றவர் அதே டன்ஃபி. 2026 முதல் 35-ம் போய், நீண்ட நடை 42.195 கி.மீ. ஆகிறது. ஐம்பது அதிகம் என்று வெட்டியவர்களே நாற்பதுக்கு மேல் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் 2028 ஒலிம்பிக் பட்டியலில் இருப்பது அரை மாரத்தான் தூர நடை மட்டும்தான். நீண்ட தூரம் நடக்கிறவர்களுக்கு அங்கே இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை; ஒதுக்க வேண்டும்.