பட்டாளத்துப் பெட்டியும் 1865 சட்டமும்

தேவாரம் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடுன்னா ஒரு கருப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மேல வெள்ளைப் பெயிண்ட்ல பேரும் நம்பரும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒரு நசுங்கல் :-) அந்த நசுங்கலுக்கு யார் பொறுப்புன்னு தேடினதுதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவுல ராணுவமே கம்பெனியை அமர்த்தி வீட்டுச் சாமானை அனுப்புது. இங்க செலவுக்காசு கொடுத்து, 'நீயே பாத்துக்கப்பா'ன்னு விட்டுடுவாங்க. உடைஞ்சா வழக்கு ஜவானுக்கும் லாரிக்காரருக்கும்தான்.

அந்தக் காலத்துல மதுரை வந்து, மீட்டர்கேஜ்ல போடி (1928ல போட்ட பாதை), அங்கிருந்து ரோடு வழியா தேவாரம். ஒரே பெட்டி, ரெண்டு சட்டம்! ரயில்வே, தன் சாமானைப் போல கவனமா பாத்துக்கிட்டா போதும். 1962 ஜனவரியிலதான் அதோட பொறுப்பு கூடுச்சு. எல்லார் சரக்கையும் ஏத்துற லாரிக்காரருக்கோ 1865 கேரியர்ஸ் சட்டம். கடவுள் செயல், அரசனின் எதிரிகள், இது ரெண்டும் தவிர பெரும்பாலும் எது நடந்தாலும் அவர்தான் பொறுப்புன்னு 1891ல இராவடி கப்பல் கம்பெனி வழக்குல பிரிவி கவுன்சில் சொல்லிடுச்சு. (அரசனின் எதிரிகளோட சண்டை போட்டதே பெட்டிக்காரர்தானே!) கவனக்குறைவுன்னு நாம நிரூபிக்கவும் வேண்டாம்.

அட்டவணைப் பொருள் மட்டும் 100 ரூபாய்க்கு மேலன்னா முன்னாடியே சொல்லணும். கண்ணாடி, பட்டு, கடிகாரம்... கோரோசனை கூட இருக்குங்க! கட்டிலும் அண்டாவும் அதுல கிடையாது.

ரசீதுல 'ஓனர்ஸ் ரிஸ்க்'னு அச்சடிச்சிருப்பாங்க, நம்மாளு பயந்து பேசாம போயிடுவாரு. அப்படிப் போட்டாலும் கவனக்குறைவுக்குப் பொறுப்பு உண்டுன்னு 2000ல நாத் பிரதர்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நிரூபிக்க வேண்டாம்கிற விதி நுகர்வோர் மன்றத்துக்கும் பொருந்தும்னு அதே வருஷம் பட்டேல் ரோட்வேஸ் வழக்கு.

அப்புறம் வந்தது 2007 சட்டம், நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச்சுல. வெள்ளைக்காரன் சட்டத்தை விட இது சாமான்காரருக்கு மோசம்னுதான் எனக்குப் படுது. அதிக மதிப்பு சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டலைன்னா, வாடகையில பத்து மடங்குதான் உச்சவரம்பு. 3,000 ரூபாய் வாடகைன்னா 30,000. பீரோவும் ஃப்ரிட்ஜும் போனா யாரு கொடுப்பா?

இன்னொண்ணு. வழக்குக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், 180 நாளுக்குள்ள. பழைய சட்டத்துல சேதம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஆறு மாசம். புதுசுல புக்கிங் பண்ணின தேதியில இருந்தே எண்ணிக்கை. மனுஷன் எல்லையில நிக்கிறப்ப, இங்க தேவாரத்துல பெட்டியைப் பிரிக்காமலே நாள் ஓடிக்கிட்டு இருக்கும்.