பிறருக்கு உதவித் தன்னைக் காத்தல்: ஆக்ரன் சந்திப்பு, 1935

குடியை நிறுத்தியவருக்கு முதல் சில மாதங்கள் மிகவும் கடினமானவை. அந்தக் காலத்தில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது, உதவுபவரையே குடியிலிருந்து காக்கும் என்ற கருத்து இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அது பரவக் காரணமான நிகழ்ச்சி, 1935இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் நடந்தது.

பின்னணி

நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்துவந்த பில் வில்சன் (1895–1971), குடியால் தொழிலை இழந்தவர். 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது குடியை நிறுத்தினார். அதன்பின் பல மாதங்கள் குடிநோயாளிகளைத் தேடிச் சென்று பேசினார். ஒருவரும் குடியை விடவில்லை. மனம் தளர்ந்த அவரிடம், "நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே" என்ற பொருளில் மனைவி லோயிஸ் எடுத்துக் கூறினார். உபதேசம் செய்வதை விட்டு, குடி ஒரு நோய் என்பதை முதலில் விளக்குமாறு மருத்துவர் சில்க்வொர்த் அறிவுறுத்தினார்.

சந்திப்பு

1935 மே மாதம் ஒரு தொழில் முயற்சிக்காக ஆக்ரன் சென்ற வில்சனுக்குத் தோல்வியே கிடைத்தது. மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றபோது, அருகிலிருந்த மதுக்கூடம் அவரை ஈர்த்தது. மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். தாம் தப்பவேண்டுமானால் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று உணர்ந்து, தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பின் தொடர்ச்சியாக, ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி மே 12 அன்று அவரை அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்துடன் (1879–1950) சந்திக்கவைத்தார்.

கால்மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித், இரவு வரை பேசிக்கொண்டிருந்தார். அறிவுரைகள் அவருக்குப் புதியவை அல்ல. ஆனால் வில்சன் தம் சொந்த அனுபவத்தைச் சொன்னார். தமக்கே இந்தப் பேச்சு தேவை என்பதையும் மறைக்கவில்லை. இதனால் கொடுப்பவர், பெறுபவர் என்ற வேறுபாடு இருவரிடையே எழவில்லை.

ஸ்மித் உடனே முழுமையாக மீளவில்லை; இடையில் ஒருமுறை மீண்டும் குடித்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதமே இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனையில் ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தனர். அவர் மூன்றாம் உறுப்பினரானார்.

பிற்கால வளர்ச்சி

1939இல் வெளியான அமைப்பின் நூலில், பிற குடிநோயாளிகளுக்கு உதவுவது பற்றித் தனி அத்தியாயமே உள்ளது. பன்னிரண்டு படிகளில் இறுதிப் படியும் இதையே வலியுறுத்துகிறது. அதே ஆண்டு முதல் ஸ்மித், அருட்சகோதரி இக்னேஷியாவுடன் இணைந்து செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சிகிச்சைக் காலத்தில் பிறருக்கு உதவியவர்கள் அடுத்த ஓராண்டில் மீண்டும் குடிக்கும் வாய்ப்பு குறைவு எனக் கண்டது. எனினும் ஏற்கெனவே தேறிவருபவர்களே உதவ முன்வந்திருக்கலாம் என்பதையும் கருதவேண்டும். மேலும், உதவுவது மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றாகாது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு போன்ற ஆபத்துகள் நேரலாம்.

உதவி பெற்றவர் திருந்தாவிட்டாலும் உதவியவரின் முயற்சி வீணாவதில்லை என்பதற்கு வில்சனின் முதல் சில மாதங்களே சான்று. அவரும் ஸ்மித்தும் இறக்கும் வரை மீண்டும் குடிக்கவில்லை.