ஏழ்மை வார்த்தைப்பாடும் வருமான வரியும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கும் கன்னியாஸ்திரீக்குக் கருவூலத்திலிருந்து மாதந்தோறும் வரும் சம்பளம், அவர் கொடுத்த ஏழ்மை வார்த்தைப்பாட்டின்படி, அவர் கையில் தங்குவதில்லை. அது முழுவதும் அவருடைய துறவறச் சபையின் கணக்கிற்குப் போய்ச் சேர, அவருடைய உணவு, உடை, மருந்து, பிரயாணச் செலவு ஆகியவற்றை மடத்துத் தலைவியான மதர் கவனித்துக்கொள்கிறார். அச்சம்பளத்திற்கு வருமான வரி உண்டா இல்லையா என்ற வழக்கைக் கேட்ட பலர், கத்தோலிக்கத் திருச்சபை வரி கொடுக்க மறுக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணம் திருச்சபையின் உபதேசத்துக்கும் பொருந்தாது, வழக்கின் தன்மைக்கும் பொருந்தாது.

அரசனுக்குரிய வரியை மனச்சாட்சியின் பொருட்டே செலுத்தவேண்டும் என்பது ரோமாபுரியாருக்குச் சின்னப்பர் எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திலேயே உள்ள போதனை. ஆயினும் சரித்திரம் நேர்கோட்டில் செல்லவில்லை. 1296-இல் எட்டாம் போனிப்பாஸ் பாப்பரசர், தமது அனுமதியின்றிக் குருக்கள் மன்னர்களுக்கு வரி கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டு, பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்புடன் பெரும் பிணக்கில் சிக்கினார். பிற்கால நீதி சாஸ்திரிகளில் ஒரு சாரார், சில வரிச் சட்டங்கள் தண்டனைச் சட்டங்கள் மாத்திரமே என்றும், மீறியவன் அகப்பட்டால் அபராதம் கட்டினால் போதும், ஆத்துமத்தின்மேல் பாபமில்லை என்றும் வாதித்தார்கள். வரியென்றால் குத்தகைக்காரன் பறிக்கும் சுங்கமும் மன்னனின் யுத்தச் செலவுமாக இருந்த காலத்தில் அவ்வாதம் எழுந்ததில் வியப்பில்லை. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொதுப் பணம் செலவாகும் காலம் வந்தபின் அது நிலைக்கவில்லை. 1944-இல் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் குரோ என்பவர் இதே பொருளை ஆராய்ந்து எழுதிய நூல், நியாயமான வரி மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் என்னும் பக்கமே சாய்ந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரி ஏய்ப்பைக் கண்டித்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், வரி செலுத்துவதை ஒழுக்கக் கடமை என்றே வகுத்தது.

இனி நம் நாட்டு வழக்கிற்கு வருவோம்; அதில் முன்னின்ற சபையின் தோற்றம் கோயமுத்தூரைச் சார்ந்தது. 1850-இல் தனி ஆளுகையாகப் பிரிக்கப்பட்டு 1886-இல் மேற்றிராசனமாக உயர்ந்த கோயமுத்தூர், பாரிஸ் வேதபோதக சபையாரின் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் கோயமுத்தூர் ஆளுகைக்கு உட்பட்டிருந்த உதகமண்டலத்தில், மதுரையிலிருந்து வந்த பிரெஞ்சுத் துறவி திருப்பாடுகளின் மரியா, 1877-இல் மரியாயின் பிரான்சிஸ்கன் வேதபோதகக் கன்னியர் சபையை நிறுவினார். உலகெங்கும் பரவிய அந்தச் சபையே, பின்னர் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீட்டாளர் வரிசையில் முதலாவதாக நின்றது என்பது கொங்கு நாட்டார் அறியத்தக்க செய்தி.

1944-இல் மத்திய வருவாய் வாரியம், பணி நிபந்தனைப்படி சபைக்கு ஒப்படைக்கவேண்டிய வேதபோதகர்களின் கட்டணமும் சம்பாத்தியமும் அவர்கள் கையில் வரிக்கு உட்படா என்று சுற்றறிக்கை விடுத்தது; 1977-இல் மத்திய நேரடி வரிகள் வாரியமும் அதையே உறுதிசெய்தது. துறவி தம் உழைப்பால் அடைவது சபைக்கே உரியது என்னும் திருச்சபைச் சட்டம் (1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 580, 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 668) இவற்றிற்கு இசைவாயிருந்தது. எனவே சம்பளம் கைக்கு வருமுன்னரே மேலான உரிமையால் சபையின்பால் திருப்பப்பட்டுவிடுகிறது என்றும், வார்த்தைப்பாடு கொடுத்தவர் சொத்துரிமையைப் பொறுத்தவரையில் இறந்தவருக்கு ஒப்பாவார் என்றும் சபையார் வாதித்தனர். தர்ம ஸ்தாபனங்களின் வருமானத்திற்குச் சட்டமே நிபந்தனையுடன் விலக்கு அளிப்பதால், பணம் யாருடைய வருமானம் என்பதிலேயே வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

2014-க்குப் பின் வருமான வரித்துறை சம்பளத்தில் பிடித்தம் செய்ய முற்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் சபையார் ஜெயித்தனர். ஆனால் 2019 மார்ச் 20-இல் நீதிபதிகள் வினீத் கோத்தாரி, சி.வி. கார்த்திகேயன் ஆகியோர் அடங்கிய அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, சம்பளம் ஆசிரியருக்கே சேருகிறது, சபைக்குக் கொடுப்பது அவர் தம் வருமானத்தைச் செலவிடும் முறையே, திருச்சபைச் சட்டம் வரிச் சட்டத்தை வெல்லாது என்று கூறியது. 2021-இல் கேரள உயர்நீதிமன்றமும் அவ்வாறே முடிவுசெய்ய, 2024 நவம்பர் 7-இல் உச்சநீதிமன்றம் 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்பு நியாயமே என்பது என் கருத்து. வேதபோதகரின் கட்டணம் முதலிய சம்பாத்தியத்துக்கென எழுதப்பட்ட சலுகையை, கருவூலம் ஒருவருடைய தகுதியையும் பதவியையும் பார்த்து அவர் பெயருக்கே வழங்கும் சம்பளத்திற்கும் நீட்டியது வழக்கத்தின் பலமேயன்றிச் சட்டத்தின் பலம் அன்று. ஆனால் எழுபது வருஷம் அரசாங்கமே அனுமதித்து வந்த ஒன்றை நம்பி நடந்தவர்களை வரி ஏய்த்தவர்கள் என்று பேசுவது அநியாயம்.