படித்தான், பொருள் உணர்ந்தானா?

தமிழ் எழுத்துக்கள் 247. இவற்றை ஐயமறக் கற்றுக்கொண்ட சிறுவன், தன் முன்னே வைக்கப்படும் எந்தப் பக்கத்தையும் ஏறக்குறையப் பிழையின்றி வாய்விட்டு வாசித்துவிடுவான். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. அங்கே எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்கும் சொற்கள் பல. சொல்லை முன்பே அறியாத பிள்ளை தடுமாறுவான். தமிழுக்குள்ள இச்சிறப்பே தமிழாசிரியருக்கு ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. பிள்ளை தங்கு தடையின்றி வாசிக்கக் கேட்டவுடன், பொருளும் அவனுக்கு விளங்கிவிட்டது என்றே எண்ணத் தோன்றும். வாய் வாசித்தது உண்மை. மனம் வாசித்ததா என்பதே வினா. இவ்வினாவைச் சரிவரக் கேட்பதற்கே கல்வியுலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த வரலாறு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் யாவரும் அறியத்தக்கது.

தலைக்கு இத்தனை ஷில்லிங்

1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கல்வித் துறைப் பொறுப்பிலிருந்த இராபர்ட் லோ என்பார் புதிய மானிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கம் தரும் பணத்திற்கு ஈடாகப் பள்ளிகள் பலனைக் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. பலன் கிட்டாவிடில் பணமாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதகர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேர்வுக்குரிய தொகை பிள்ளை ஒன்றுக்கு 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் அதில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும்.

வாசிப்புத் தேர்வு எப்படி நடந்தது? கீழ் வகுப்புக்களில், அப்பள்ளியில் வழங்கிய வாசகப் புத்தகத்திலிருந்தே ஒரு பகுதியைப் பிள்ளை வாய்விட்டு வாசித்தால் போதும். விளைவு என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் அந்த ஒரே புத்தகம் பிள்ளைகளின் காதிலும் வாயிலும் ஏற்றப்பட்டது. பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒரு பிள்ளை பிழையின்றி 'வாசித்தான்' என்பது போன்ற கதைகள் வழங்கலாயின.

புகழ்பெற்ற கவிஞரான மத்தேயு ஆர்னால்டு, 1851 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பரிசோதகராகவும் பணியாற்றியவர். அவர் இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் தந்திரமான பயிற்சியினால் வாசிப்புத் தேர்வில் தேற வைத்துவிடலாம் என்று அவர் தம் அறிக்கையில் எழுதினார். இத்தகைய சூழ்ச்சி விளையாட்டில் முடிவில் வெல்பவர்கள் ஆசிரியர்களே அன்றிப் பரிசோதகர்கள் அல்லர் என்றும் எச்சரித்தார்.

அவ்வாசிரியர்களை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. பிள்ளை ஒருவன் திக்கினால் ஊதியத்திலேயே கை வைக்கப்படும் என்ற நிலையில், திக்காமல் வாசிக்கக் கற்பிப்பதையே எவரும் முதற்கடமையாகக் கொள்வர். சோதனை எதைக் கேட்கிறதோ அதையே பள்ளி கற்பிக்கும். சோதனை குரலைக் கேட்டது. பள்ளியும் குரலையே வளர்த்தது.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1860-களில் சென்னை மாகாணத்திலும், பின்னர் இலங்கையிலும் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. ஏற்கெனவே மனப்பாடத்தையே பெரிதாகப் போற்றிவந்த பள்ளிகளுக்கு இது புதுத் தெம்பூட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தில் அந்த விதி 1890-களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆனால் வாசிப்பு என்றால் வாய்விட்டு வாசித்தல் என்ற எண்ணம் அத்துடன் மறைந்துவிடவில்லை.

மௌன வாசிப்பின் வருகை

அடுத்த முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் வெவ்வேறு மதிப்பெண் இடுவதை ஆராய்ந்தவர் பிரடெரிக் கெல்லி. இவ்வேறுபாட்டை நீக்கும் நோக்குடன் 1915-ஆம் ஆண்டையொட்டி அவர் கான்சாஸ் மாநிலத்தில் மௌன வாசிப்புச் சோதனை ஒன்றை அமைத்தார். பிள்ளைகள் வாய் திறக்க வேண்டியதில்லை. வினாவைத் தாமே படித்து, விடையாகிய சொல்லைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். காலம் 5 நிமிடம். யார் திருத்தினாலும் மதிப்பெண் ஒன்றாகவே இருக்கும். இன்று உலகெங்கும் பரவியுள்ள பல்தேர்வு வினாக்களின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. குரலை விட்டுப் பொருளை நோக்கி எடுத்து வைத்த முதல் அடி அது. எனினும் அதன் வினாக்களுள் ஒன்றைப் பாருங்கள். நான்கு விலங்குகளின் பெயர்கள் தரப்படுகின்றன: பசு, புலி, எலி, ஓநாய். பண்ணைக்குப் பயன்படும் விலங்கைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். பசுவைப் பற்றிய அறிவு பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே சோதிக்கப்படுவது வாசிப்பா, உலக அறிவா? கெல்லியின் சோதனை இவ்வினாவுக்கு விடை கூறவில்லை.

தவறான விடைகள் கற்பித்த பாடம்

1917-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு தார்ண்டைக் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். வாசித்தல் என்பது சிந்தித்தலே என்பது அதன் சாரம். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த பத்திகளுள் ஒன்று மிகவும் எளியது. பிராங்ளின் என்னும் ஊரில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி நடைபெறும் நாளெல்லாம் வர வேண்டும். பிள்ளைக்கு உடல்நலம் குன்றியிருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் தொற்றுநோய் கண்டிருந்தாலோ, பாதை நடக்க இயலாதபடி கெட்டிருந்தாலோ வரவேண்டியதில்லை. அவ்வளவே செய்தி. பத்தி பிள்ளைகளின் கண்முன்னேயே இருந்தது. மனப்பாடத்திற்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும், இப்பத்தி எதைப் பற்றியது என்று கேட்டதற்குச் சிலர் 'பிராங்ளின்' என்று ஊர்ப் பெயரையே எழுதினர்.

மற்றவர்கள் இத்தகைய விடைகளுக்குச் சுழியம் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருப்பர். தார்ண்டைக் அவற்றையே எடுத்து வைத்து ஆராய்ந்தார். பிழைகள் மனம்போன போக்கில் தோன்றியவையல்ல என்பதை அவர் கண்டார். ஒரு சொல் பிள்ளையின் மனத்தை அளவுக்கு மீறிப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு சொல் பார்வையில் பட்டும் மனத்தில் பதியாமல் போகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதைக் கொள்வதே வாசிப்பு. அது கணக்குப் போடுவது போன்ற சிந்தனை வேலை என்பது அவர் முடிவு. சரளமாக வாசிக்கும் பிள்ளையும் இவ்வேலையைச் செய்யாமலே வாசித்துக்கொண்டு போகலாம். ஆகவே, வாய்விட்டு வாசிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை மௌனமாக வாசித்து விடை காணும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றார்.

வினாவின் தரம்

விடை தேடும் வினாக்கள் எல்லாம் பொருளுணர்வைச் சோதிப்பதில்லை. 'காவன் மிறுவைத் தெணித்தான்' என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். இதில் பொருள் ஏதுமில்லை. ஆனால் 'மிறுவைத் தெணித்தவன் யார்?' என்று கேட்டால், 'காவன்' என்று எந்தப் பிள்ளையும் எழுதுவான்; முழு மதிப்பெண்ணும் பெறுவான். தமிழின் வேற்றுமை உருபுகள் அவ்வளவு துணை செய்கின்றன.

மற்றொன்றைப் பார்ப்போம்: 'கந்தன் குடையுடன் புறப்பட்டான். வழியில் மழை கொட்டியது. பள்ளியை அடைந்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. தங்கையின் சட்டை நனையவில்லை.' கந்தன் எதனுடன் புறப்பட்டான் என்பது கண்ணுக்கு வேலை. தங்கையின் சட்டை ஏன் நனையவில்லை என்பதே மனத்திற்கு வேலை. அவ்விடை பத்தியில் எழுதப்படவில்லை. பிள்ளையே அதை உய்த்துணர வேண்டும். இவ்விரண்டாம் வகை வினா இல்லாத கருத்துணர்தல் சோதனை, ஆர்னால்டு காலத்துச் சோதனையின் மறுபிறவியே.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1988-ஆம் ஆண்டில் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்துச் சோதித்தனர். வாசிப்பில் வல்லவர் எனக் கருதப்பட்டும் ஆட்டம் அறியாதிருந்த மாணவரைவிட, வாசிப்பில் மெலிந்தவர் எனப்பட்டு ஆட்டத்தை நன்கறிந்த மாணவரே கூடுதலாக விளங்கிக்கொண்டனர். பால்மரம் சீவுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு உறைபனியைப் பற்றிய பாடத்தையும், மாடிவீட்டுப் பிள்ளைக்கு ரப்பர்ப் பாலைப் பற்றிய பாடத்தையும் கொடுத்தால், யார் மந்தம் என்று தீர்ப்பளிப்பது? பாடத்தின் பொருளை மாற்றினால் தீர்ப்பும் மாறிவிடும்.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

மலேசியாவில் 1988 முதல் நடைபெற்ற ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். தமிழில் கருத்துணர்தலுக்கென்றே தனித்தாள் கொண்டிருந்தது. 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. 2001-இல் தொடங்கிய பெர்ல்ஸ் என்னும் அனைத்துலக வாசிப்பு ஆய்வு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. வெளிப்படையாக உள்ளதைக் கண்டெடுத்தல், எளிதாக உய்த்துணர்தல், கருத்துக்களை இணைத்து விளக்குதல், மதிப்பிடுதல் என நான்கு படிகளை அது வகுத்துள்ளது. தொடக்கமுதல் அதில் பங்குகொண்டுவரும் சிங்கப்பூர், ஆங்கிலத்தில் எழுதிய 2021 ஆய்வில் 587 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்றது. லோவின் விதியிலிருந்து இந்த நான்கு படிகள் வரை வந்த வழி நெடியது.

தேர்வுகள் வரும், போகும். வகுப்பறையில் எஞ்சி நிற்பவர்கள் ஆசிரியரும் பிள்ளையுமே. பத்துக்கு நான்கு என்ற மதிப்பெண், பிள்ளை தவறினான் என்று மட்டுமே சொல்லும். எங்கே தவறினான் என்று சொல்லாது. சொல்லொன்றின் பொருள் தெரியவில்லையா? 'ஆனால்', 'இல்லாவிடில்' போன்ற சிறு சொல்லைத் தாண்டிவிட்டானா? வீட்டில் கேளாத ஏட்டுத் தமிழ் தடுத்ததா? பாடம் கூறும் உலகமே அவனுக்கு அந்நியமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோய் அறியாமல் 'மந்தப் பிள்ளை' என்று பெயரிட்டுப் பின் வரிசையில் அமர்த்திவிட்டால், அப்பெயர் அவனை ஆயுள் முழுதும் தொடரக்கூடும். 'இதை ஏன் எழுதினாய், தம்பி?' என்று தவறான விடையைக் காட்டி அன்புடன் கேட்க ஒரு நிமிடம் போதும். தார்ண்டைக் நூறாண்டுக்கு முன் தாள்களை அடுக்கி வைத்துத் தேடியதும் அந்த 'ஏன்' என்பதையே.