சிங்கையின் அரசியல் சட்டத்தில் தமிழ் ஏறிய கதை



விழா மலரைக் கையில் வாங்கியதும் நம் பிள்ளையின் பெயர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் முதலில் புரட்டுவோம். அது இயல்புதான். பெயரைப் பார்த்து மகிழ்ந்த பிறகு, கொஞ்ச நேரம் இந்தப் பக்கத்திலும் உட்காருங்கள். ஒரு பத்துக் காசின் கதையைச் சொல்லப் போகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் என் மேசையில் ஒரு சிங்கப்பூர் நாணயத்தை வைத்தான். அவனுடைய மாமா ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கையில் வேலை பார்ப்பவர். "சார், இதுல தமிழ் இருக்கு சார்!" என்றான். ஆமாம், ‘சிங்கப்பூர்’ என்று நம் எழுத்திலேயே பொறித்திருந்தது. வகுப்பே கூடிவிட்டது. அவன் அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: "இதை யார் சார் எழுதச் சொன்னாங்க?"

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் இந்தியர் என்று கணக்கெடுத்தால் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அப்படியிருக்க, காசிலும் நாடாளுமன்றத்திலும் தமிழுக்கு இடம் எப்படி வந்தது? யாராவது தானமாகக் கொடுத்தார்களா? இல்லை. அதற்குப் பின்னால் பல ஆண்டுகள் நடந்த வாதப் பிரதிவாதம் இருக்கிறது.

"அரசியலமைப்புச் சட்டம் நமக்குச் சோறு போடுமா வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். பெரட்டுக் களத்தில் சம்பளத் தகராறு வந்தால் நாம் எதைக் காட்டிப் பேசுகிறோம்? தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தானே? எழுதாத உரிமைக்குக் கிராணியும் பதில் சொல்ல மாட்டார், துரையும் பதில் சொல்ல மாட்டார். ஒரு நாட்டுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தந்தான் அரசியலமைப்புச் சட்டம்.

ஆங்கிலம் அறிந்தோர்க்கே அவை

1953ஆம் ஆண்டில், சிங்கப்பூருக்கு எந்த அளவு தன்னாட்சி கொடுக்கலாம் என்று ஆராய, சர் ஜார்ஜ் ரெண்டல் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1954இல் அறிக்கை வந்தது. 32 பேர் கொண்ட சட்டமன்றம்; அதில் 25 பேரை மக்களே தேர்ந்தெடுக்கலாம். நல்ல முன்னேற்றந்தான். ஆனால் ஒரு முள் இருந்தது. அந்த அவையில் பேசும் மொழி ஆங்கிலம் மட்டுமே என்று குழு சொல்லிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தவரும் ஓட்டுப் போடலாம். ஆனால் தன் மொழியை மட்டும் அறிந்தவர் உறுப்பினராகி, அங்கே எழுந்து நின்று தன் குறையைச் சொல்ல முடியாது. ‘வாயைக் கட்டிவிட்டுப் பந்தியில் உட்கார வைத்த’ கதைதான்!

பல மொழிகளுக்கும் இடம் வேண்டும் என்று வலுவாகக் குரல் கொடுத்தது சீன வர்த்தகச் சங்கம். 1955 ஏப்ரல் 2ஆம் நாள் தேர்தல் நடந்து, டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். 1956இல் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் அவையில் பேசும் மொழிகளாக இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சட்டமன்றம் ஏற்றது. சீனக் கல்வியை ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழுவும் அதே ஆண்டில், நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் தனக்குக் கேட்ட நியாயம் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. இதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் வாசலுக்கு வந்ததை உள்ளே எடுத்துவைக்க ஆள் வேண்டுமே! அந்த வேலையைச் செய்தவர்களில் முதன்மையானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள். திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கை வந்தவர். 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியவர். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம்மவர் பலருக்குத் தயக்கம். "இன்னைக்கோ நாளைக்கோ கப்பலேறி ஊருக்குப் போயிடுவோம், நமக்கு எதுக்கு இந்தக் காகிதம்?" என்ற எண்ணம். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி அவர் இடைவிடாமல் வற்புறுத்தினார். பெயர் பதியாதவனுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவன் மொழியை எந்தச் சட்டம் மதிக்கும்?

வாக்குச்சீட்டில் மூன்று கட்டங்கள்

1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அடுத்து, மலாயாவோடு இணைவது எப்படி என்ற விவாதம் எழுந்தது. 1962 செப்டம்பர் 1ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணைவதற்கான வழிகள்தாம். "வேண்டாம்" என்று சொல்லக் கட்டமே இல்லை! இது நியாயமா என்று எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் வாதிட்டு, வெற்றுச் சீட்டுப் போடச் சொன்னது. இணைந்த பிறகு சிங்கப்பூரார் முழுக் குடிமக்களாக இருப்பார்களா, இரண்டாந்தரக் குடிகளாக ஆவார்களா என்பது மற்றொரு பெரிய சர்ச்சை.

அரசாங்கம் ஆதரித்த முதல் வழிக்கு 397,626 வாக்குகள் விழுந்தன. வெற்றுச் சீட்டுகள் 144,077. அதாவது நால்வரில் ஒருவர் வெற்றுச் சீட்டுப் போட்டிருக்கிறார். மாணவர்களே, ஒரு கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அவசரத்தில் பிறந்த சட்டம்

1963 செப்டம்பர் 16இல் மலேசியா உதயமாயிற்று. 1964இல் சிங்கப்பூரில் இருமுறை இனக்கலவரம் மூண்டு உயிர்கள் போயின. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனியே பிரிந்தது. ஒரே நாளில் தனி நாடு! உட்கார்ந்து புதுச் சட்டம் எழுத நேரம் ஏது? பழைய மாநிலச் சட்டம், மலேசியச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்ட பகுதிகள், 1965 டிசம்பர் 22இல் நிறைவேற்றிய சுதந்திரச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் புதிய குடியரசு நடை போட்டது.

அந்தச் சுதந்திரச் சட்டத்தின் ஏழாம் பிரிவில்தான் நம் மாணவனின் கேள்விக்கு விடை இருக்கிறது. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள். தேசிய மொழி மலாய் என்று அது கூறுகிறது. இன்று அதுவே அரசியலமைப்பின் 153ஏ பிரிவாக இருக்கிறது.

அப்போது அவையின் சபாநாயகர் யார் தெரியுமா? நம் போர்ட் டிக்சனில் பிறந்த ஏ.பி. ராஜா. சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள பேரர் பார்க் தொகுதியில் 1959இல் சுயேச்சையாக நின்று வென்றவர். அவருக்குப் பின் 1966இல் சபாநாயகரான பஞ்ச் குமாரசாமி நம் சிகாமட்டில் பிறந்தவர். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சி. ராஜரத்தினம், சிரம்பானில் வளர்ந்தவர். கித்தாத் தோட்ட மேற்பார்வையாளரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளே, இந்தப் பெயர்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் சிறியோருக்கு என்ன காவல்?

ஆனாலும் ஒரு கவலை மிச்சமிருந்தது. அதே 1965 டிசம்பரில், அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற விதியை மாற்றி, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஆக்கியிருந்தார்கள். அப்படியானால் இன்று எழுதிய வரியை நாளை எளிதாக அழித்துவிடலாமே?

சிறுபான்மையினரைக் காப்பது எப்படி என்று ஆராய, 1966 ஜனவரியில் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டது. சிறுபான்மை இனங்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அப்படி ஒதுக்கினால் அரசியலே இனம் இனமாகப் பிரிந்துபோகும் என்று குழு மறுத்தது. அடிப்படை உரிமைகளை மாற்ற நாடாளுமன்றம் மட்டும் போதாது, பொதுவாக்கெடுப்பில் மக்களின் மூன்றில் இரு பங்கு சம்மதமும் வேண்டும் என்றது. புதிய சட்டங்களால் எந்த இனத்துக்கும் சமயத்துக்கும் பாதகம் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆலோசனை மன்றம் வேண்டும் என்றும் சொன்னது.

1967 மார்ச்சில் நாடாளுமன்றம் இதை விவாதித்தது. ஆலோசனை மன்றத்தை அரசு ஏற்றது; பொதுவாக்கெடுப்புக் காவலை அப்போது ஏற்கவில்லை. அந்த மன்றம் 1970இல் அமைந்து, 1973 முதல் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் என்று பெயர் பெற்றது. மூன்றில் இரு பங்கு விதி 1979இல் திரும்ப வந்தது. தனி இடம் வேண்டாம் என்று தள்ளிய வாதமும், 1988இல் குழுத் தொகுதி முறையாக வேறு உருவில் திரும்பியது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று அம்முறை விதித்தது. ஆக, அரசியலமைப்பு விவாதம் ஒருநாளில் கைதட்டி முடிகிற கூட்டமன்று. தோற்ற கருத்தும் இருபது ஆண்டு கழித்து எழுந்து வரும்.

கதவும் கால்களும்

அன்பர்களே, இத்தோடு கதையை முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். கசப்பான பாதியையும் சொல்ல வேண்டும்.

சிங்கையில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. அந்தத் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. சட்டம் மாறியதாலா? இல்லையே! தமிழ் அதிகாரத்துவ மொழி என்ற வரி அப்படியேதான் இருந்தது. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்று பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வயிற்றுப்பாடு அப்படி. தமிழ் அங்கே இன்றும் தாய்மொழிப் பாடமாக, நாளிதழாக, நாடாளுமன்ற மொழியாக வாழ்கிறது. ஆனால் எல்லாப் பாடங்களையும் தமிழில் கற்பிக்கும் அரசுப் பள்ளி ஒன்றுகூட இல்லை.

நம் நிலைமை இதற்கு நேர்மாறு. மலாயாவுக்குச் சட்டம் வகுத்த ரீட் ஆணைக்குழு, மலாயும் ஆங்கிலமும் பேசத் தெரியாத உறுப்பினர் பத்தாண்டுகளுக்குச் சீனத்திலோ இந்திய மொழியிலோ சட்டமன்றத்தில் பேசலாம் என்று 1957இல் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. நம் காசில் தமிழ் இல்லை. ஆனால் நம் அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, மலாய் தேசிய மொழி என்று சொல்லும் அதே இடத்தில், பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் சட்டத்துக்கு முரண் என்று வழக்கு வந்தபோது, 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. நீங்கள் இன்று உட்கார்ந்து கைதட்டும் இந்தப் பள்ளி மண்டபம் செங்கல் மேல் மட்டும் நிற்கவில்லை. அந்த வரியின் மேலும் நிற்கிறது.

அவர்களுக்குக் காசில் தமிழ் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இல்லை. நமக்குக் காசில் தமிழ் இல்லை, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே நடந்து வருவது நம் கால்கள்தாம். செம்பனைத் தோட்டங்களில் குடும்பங்கள் குறைந்து, முதலாம் ஆண்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அடுத்த ஆண்டுக்குப் பிள்ளையின் பெயரைப் பதியப் போகும்போது, 1957இல் குடியுரிமைக்கு வரிசையில் நின்ற அந்த முன்னோரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவனுக்கு நான் இப்படித்தான் பதில் சொன்னேன்: "யாரோ ஒருத்தர் எழுதலப்பா. கேட்டவங்க, வாதாடினவங்க, பெயர் பதிஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து எழுதினது." அவன் காசைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப நாமளும் கேக்கலாமா சார்?" என்றான்.

கேட்கலாம் கண்ணே. அதற்கு முதலில் படி!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!