மவுண்ட் ரோடு: நடக்கும் உரிமையின் வரலாறு

மவுண்ட் ரோடு பற்றி எழுதுபவர்களிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ், எல்.ஐ.சி. கட்டிடம், ரவுண்டானா, இடிக்கப்பட்ட சினிமா தியேட்டர்கள். ஆகஸ்டில் 'மெட்ராஸ் டே' வந்தால் அதே பட்டியல், அதே கறுப்பு வெள்ளைப் படங்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்தச் சாலையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் நம் முன்னோர்கள் பள்ளிக்கூடம் போனார்கள், பத்திரிகை நடத்தினார்கள், மனு எழுதினார்கள், சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அந்தப் பட்டியலில் இது மட்டும் எப்படி விடுபட்டுப் போகிறது?

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம் தோழர்களே. நம் ஊர்களில் தெரு என்பது வெறும் வழி அல்ல. அக்கிரகாரத் தெரு, முதலியார் தெரு, பிள்ளைமார் தெரு என்று தெருவுக்கே சாதி உண்டு. நாம் இருந்தது தெருவில் அல்ல, சேரியில். தெரு வழியாகப் போக வேண்டுமென்றால் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், பிணத்தை வயல் வரப்பில் சுமந்து போக வேண்டும். "வேண்டும்" என்று இறந்த காலம்போல எழுதுகிறேன். இன்றைக்கும் இப்படி இருக்கும் ஊர்கள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

மவுண்ட் ரோடு எந்தச் சாதியின் தெருவும் அல்ல. புனித ஜார்ஜ் கோட்டையையும் பரங்கிமலையையும் இணைக்கிற வழி அது. 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதன் பிறகு இந்த வழி பெரிய சாலையாக வளர்ந்தது. பட்டாளமும் பீரங்கி வண்டியும் போகிற சாலையில் யாரை எட்டி நில் என்று சொல்வது? இதை வைத்து வெள்ளைக்காரன் சமத்துவம் கொண்டுவந்தான் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருந்தது. இந்தியர் எவரும் அதில் உறுப்பினராக முடியாது. 1873இல் படித்த, வசதியான இந்தியர்கள் தங்களுக்கென்று காஸ்மாபாலிடன் கிளப்பை இதே சாலையில் வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளில் சமையல்காரராகவும் பட்லராகவும் குதிரைக்காரராகவும் வேலை பார்த்தவர்களில் நம் மக்கள் ஏராளம். பங்களாவுக்குள் நாம் வேலைக்காரர்கள்தான். ஆனால் பங்களாவுக்கு வெளியே சாலையில் நடக்கும்போது யாரும் மறிக்கவில்லை. ஊரில் இல்லாத இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் ஒரு அரசியல் முளைத்தது.

பரங்கிமலையிலிருந்தே தொடங்குவோம். பீரங்கிப் படையின் கண்டோன்மென்ட் இருந்த ஊர். மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவுகளில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த காலம். இந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம்.சி. ராஜா. பள்ளி ஆசிரியர், பாடநூல் எழுதியவர். 1920இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையில் நம் மக்களிலிருந்து அமர்ந்த முதல் உறுப்பினர். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று 1922 ஜனவரியில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். இன்று சாதிச் சான்றிதழில் நாம் பார்க்கும் சொல்லுக்குப் பின்னால் அந்தத் தீர்மானம் இருக்கிறது.

பாலம் தாண்டினால் சைதாப்பேட்டை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையகம் செங்கல்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஒரு அறிக்கை எழுதினார். நிலமில்லாததும் மனைக்கட்டு கூடச் சொந்தமில்லாததும் தான் இந்த மக்களை அடிமையாக வைத்திருக்கிறது என்று அதில் வெளிப்படையாக எழுதினார். குடியிருக்கிற குடிசை இருக்கும் இடம் மிராசுதாருடையது என்றால், கூலி கேட்டு வாய் திறந்த மறுநாளே வெளியேற்றிவிடலாம் அல்லவா? அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்ததுதான் 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் உரிமையின் ஆணிவேர் அது.

கிண்டியைத் தாண்டி இதே சாலை ஜி.எஸ்.டி. ரோடாகச் செங்கல்பட்டுக்குப் போகிறது. அங்கே 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அரசாணை பிறந்து 102 ஆண்டுகள் கழித்து, அதை நடைமுறைப்படுத்து என்று கேட்டதற்கு.

இதே சைதாப்பேட்டையில், அண்ணா சாலையின் மேலேயே, எம்.சி. ராஜாவின் பெயரில் ஆதிதிராவிட நல மாணவர் விடுதி இருக்கிறது. இதைப் படிக்கிற சிலர் அங்கே தங்கிப் படித்திருப்பீர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து நந்தனம் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் சேர்ந்த எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு மவுண்ட் ரோடு என்றால் ஸ்பென்சர் அல்ல, இந்த விடுதிதான். சோறு சரியில்லை, தண்ணீர் வரவில்லை, கட்டிடம் ஒழுகுகிறது என்று மாணவர்கள் பலமுறை அண்ணா சாலையில் உட்கார்ந்து மறியல் செய்திருக்கிறார்கள். போக்குவரத்து நின்றால்தான் அதிகாரிகள் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது பல மாடிகளோடு புதிய கட்டிடம் வந்திருக்கிறது. தானாக வரவில்லை.

நந்தனம், தேனாம்பேட்டையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஆயிரம் விளக்குப் பக்கம் வந்து வலதுகைப் பக்கம் திரும்பினால் ராயப்பேட்டை. என்னைக் கேட்டால் மவுண்ட் ரோட்டு வரலாற்றின் இதயம் இங்கேதான் இருக்கிறது, சாலையிலிருந்து சில நிமிட நடையில். 1907 ஜூன் 19, புதன்கிழமை. அயோத்திதாச பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழை ராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். வாரம் ஒன்று, நான்கு பக்கம், விலையே பெயரில் இருந்தது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறக்கும் வரை வாரம் தவறாமல் அவர் எழுதிய அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: வரலாறு, பௌத்தம், இலக்கணம், மருத்துவம், அன்றாட அரசியல். பறையர்கள் தாழ்ந்தவர்கள் அல்ல, தாழ்த்தப்பட்ட பௌத்தர்கள் என்ற அவருடைய வாதம் இந்த ராயப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயல் வரை போய் வாசிக்கப்பட்டது.

அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் இதே சென்னையில் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கிவிட்டார். இழிவாகச் சொன்ன பெயரையே முகப்பில் போட்டுக்கொண்ட துணிச்சலை யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டு காங்கிரஸ்காரர்கள் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கேட்டார்கள். அப்படி நடந்தால் பதவியெல்லாம் சாதி இந்துக்களிடம் போகும், நம் கதி இன்னும் மோசமாகும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு இங்கிலாந்து பாராளுமன்றத்துக்குப் போனது. இதற்காக அவரைத் தேசத்துரோகி என்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். அதிகாரம் யார் கைக்கு மாறுகிறது என்று கேட்பது துரோகமென்றால் அம்பேத்கரும் துரோகிதான்.

திரும்பவும் பெரிய சாலைக்கு வருவோம். ஸ்பென்சர் எதிரே ஒரு காலத்தில் கர்னல் நீல் சிலை இருந்தது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் படுகொலை நடத்தியவன். அதை அகற்றக் கோரி 1927இல் காங்கிரஸ் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை போனார்கள். 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை மியூசியத்துக்குப் போனது. நியாயமான போராட்டம். மவுண்ட் ரோடு பற்றிய கட்டுரைகள் இதை விடுவதில்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, சாலையின் கோட்டை முனையில் நடந்த ஒன்றை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

1924 ஆகஸ்ட் 22. கோட்டைக்குள் கூடிய சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் நடக்கலாம். சாதி இந்துக்களைப் போலவே அரசு அலுவலகம், கிணறு, குளம், பொது இடம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். அவை ஏற்றது. செப்டம்பர் 25இல் அரசாணை வந்தது. மவுண்ட் ரோட்டில் நடைமுறையில் கிடைத்ததை ஒவ்வொரு ஊர்த் தெருவுக்கும் சட்டமாக எழுதிக் கேட்டார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு இது. அரசாணை வந்தது என்பதால் தெரு திறந்துவிடவில்லை. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் ஈழவர்கள் அந்த ஆண்டே நுழைய முயன்றபோது தடுக்கப்பட்டார்கள்.

வாலாஜா சாலை திரும்பும் இடத்தில் அரசினர் தோட்டம். 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் இங்கே கூடியது. 1955 வரை சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1937இல் சென்னை மேயரான முதல் தலித்தும் அவர்தான். அந்த வழியாகப் போகும்போது இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

கூவத்தைத் தாண்டினால் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் தாமஸ் மன்றோ. சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ரயத்துவாரி முறையை நிலைநாட்டியவர். பட்டா உழவர் பெயரில் வந்தது. அந்த நிலத்தில் சேற்றில் நின்ற பண்ணையாள் பெயரில் வரவில்லை. சைதாப்பேட்டையில் திரெமென்ஹீர் எழுத நேர்ந்ததன் காரணத்தில் ஒரு பகுதி இந்தக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது. நீல் சிலையை எடுத்தவர்கள் இதை எடுக்க நினைக்கவில்லை.

அந்தத் தீவுத்திடலை ஒட்டிய கூவக்கரையில்தான் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. அண்ணா, கருணாநிதி அமைச்சரவைகளில் இருந்தவர், 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியவர், 1979இல் மத்திய அமைச்சரானவர் சத்தியவாணி முத்து. அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பை 2019 டிசம்பர் முதல் இடிக்கத் தொடங்கினார்கள். காரணம் கூவம் சீரமைப்பு. கல்வியாண்டின் நடுவில். குடும்பங்களைச் சுமார் 25 கி.மீ. தள்ளியுள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருக்கும் இடத்திலேயே வீடு என்பதுதான் பேச்சாக இருந்தது.

வேலை மட்டும் இடம் மாறவில்லை. வீட்டு வேலை, மூட்டை தூக்குவது, துப்புரவு, தள்ளுவண்டி எல்லாம் இங்கேயேதான். பெரும்பாக்கத்தில் இருட்டு பிரியும் முன் பஸ் ஏறுகிறவர்களில் அந்தக் கூவக்கரைப் பெண்கள் இருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் விடுதிப் பிள்ளைகள் எழும் நேரத்துக்கு அந்த பஸ் அண்ணா சாலைக்கு வந்துவிடும்.