மாறுவேடத்திலிருந்து மாறா முகங்களுக்கு: ‘சி.ஐ.டி.’ தொடரின் விருப்ப மாந்தரும் தமிழ்த் துப்பறி மரபும்

முன்னுரை

சோனி தொலைக்காட்சியில் 1998 ஜனவரி 21 அன்று தொடங்கிய ‘சி.ஐ.டி.’ என்னும் இந்தித் தொடர், 2018 அக்டோபர் 27 வரை 1547 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. இருபது ஆண்டுகள் அது நிலைத்ததற்குக் கதைப்பின்னல் காரணமன்று. கொலை, ஐயத்துக்குரிய சிலர், தடயம், வாக்குமூலம் என்னும் ஒரே வாய்பாடே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்தது. பார்வையாளர் நினைவில் தங்கியவர்கள் ஏ.சி.பி. பிரத்யுமன், அபிஜீத், தயா, ஃபிரெடரிக்ஸ், டாக்டர் சாளுங்கே ஆகிய மாந்தரே. அவர்கள் துலக்கிய வழக்குகள் அவ்வாறு தங்கவில்லை. இம்மாந்தர் எவ்வழியில் விருப்பத்துக்குரியோர் ஆயினர், அவ்விருப்பம் எதனைப் பார்வையிலிருந்து மறைத்தது என்பவற்றை இக்கட்டுரை தமிழ்த் துப்பறி மரபோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

சேலத்துத் துப்பறிவாளர்

தமிழில் துப்பறிவாளர் தனியாளாகவே தோன்றினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வாசகரை ஆட்கொண்டவர்கள். அச்சில் இருந்த இம்மரபைத் திரைக்குக் கொண்டுவந்ததில் சேலத்துக்குத் தனி இடமுண்டு. டி. ஆர். சுந்தரம் அங்கு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தை வெளியிட்டது, எம். என். நம்பியார் அதில் பல வேடங்களில் தோன்றினார். அவர் மகன் காலத்தில் அதே நிறுவனம் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய படங்களில் ஜெய்சங்கரைத் துப்பறிவாளராக நிலைநிறுத்தியது. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்றுதான். அவ்வகையில் சேந்தமங்கலத்தாருக்குத் திரைத் துப்பறிவாளர் அயலூர்க்காரர் அல்லர். தம் மாவட்டத் தலைநகரிலேயே உருவாக்கப்பட்டவர்.

இன்றும் தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘சி.ஐ.டி.’ என்பது ஒரு காவல் பிரிவைக் குறிப்பதைவிட, தன்னை மறைத்துக்கொண்டு பிறரை நோட்டமிடும் ஆளையே மிகுதியும் குறிக்கிறது. இப்பொருளில் இச்சொல் வேரூன்றியதில் இத்தகைய படங்களுக்குப் பங்கிருக்க வேண்டும். நம்பியார் தந்த இன்பம் ஒரு முகம் பல முகங்களாக மாறுவதில் இருந்தது. தொலைக்காட்சித் தொடரின் இன்பமோ இதற்கு நேர்மாறானது. பல முகங்கள் இருந்தும் எந்த முகமும் மாறாதிருப்பதே அதன் அடிப்படை.

எழுத்தில் தனியாள் இருவராக விரிந்தது தொடர்கதை, மாத நாவல் ஆகியவற்றின் காலத்தில். சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ (1968) வழியே அறிமுகமான வழக்கறிஞர் கணேஷோடு பின்னர் வசந்த் வந்து சேர்ந்தார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எனப் பிற இணைகளும் வாசகர் உள்ளத்தில் இடம்பெற்றன. இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அறிவில் முதல்வராக இருப்பவரைவிட, அருகிலிருந்து குறும்பு பேசும் இரண்டாமவர்மீதே வாசகர் அன்பு பெரிதும் சென்றது. வசந்தின் பேச்சுக்காகவே கதையைப் படித்தோர் ஏராளம். சுசீலாவின் பனியன் வாசகங்கள் துப்புகளுக்கு இணையாக எதிர்பார்க்கப்பட்டன.

ஒருவருக்கு ஒரு செயல்

‘சி.ஐ.டி.’யை உருவாக்கிய பி. பி. சிங் தூர்தர்ஷனில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். ‘ஏக் ஷூன்ய ஷூன்ய’ என்னும் மராத்திக் காவல் தொடரை முன்னரே இயக்கியவர். அதில் நடித்த சிவாஜி சாட்டமே பிரத்யுமன் ஆனார். அமெரிக்காவில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ (1981) காவல் நிலையத்தையே கூட்டு நாயகனாக்கியிருந்தது. ஆயினும் அங்கு காவலரின் குடும்பம், குடி, சோர்வு ஆகியவை கதையாயின. மும்பைத் தொடரில் மாந்தரின் தனிவாழ்வு அரிதாகவே தலைகாட்டியது. குற்றவாளியாகிவிட்ட தன் மகனையே பிரத்யுமன் சுட நேர்வதும், அபிஜீத்தின் நினைவிழப்பும் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இரண்டுமே பல்லாண்டுகள் கழித்தும் பேசப்படுவதற்கு அவற்றின் அருமையே காரணம்.

வாழ்க்கை வரலாற்றின் இடத்தை இத்தொடரில் செயல் நிரப்பியது. பிரத்யுமனுக்கு ஏதோ தவறிருப்பதை உணர்த்தும் ஒரு வாக்கியமும், அதனோடு கையைச் சுழற்றும் அசைவும். தயாவுக்குக் கதவு. அபிஜீத்துக்கு ஐயப்பார்வை. சாளுங்கேவுக்கு ஆய்வுக்கூடமும் பிரத்யுமனோடு முடிவற்ற சண்டையும். ஃபிரெடரிக்ஸுக்கு அச்சமும் அசட்டுத்தனமும். வேலைப் பங்கீடு என இதனைச் சுருக்கிவிடலாம். ஆனால் தெருக்கூத்து பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிதன்று. கட்டியங்காரன் வந்தவுடன் அவன் என்ன செய்வான் என்பது அவையோருக்குத் தெரியும். தெரிந்தது நிகழ்வதே மகிழ்ச்சி. கதவு உடையுமா என்று எவரும் ஐயுற்றதில்லை. எப்போது உடையும் என்பதற்கே காத்திருந்தனர்.

தயாவாக நடித்த தயானந்த் ஷெட்டி, தட்டெறிதல் வீரராக இருந்து நடிப்புக்கு வந்தவர். அவ்வுடலே பாத்திரத்தை எழுதியது எனலாம். ஃபிரெடரிக்ஸாக நடித்த தினேஷ் பட்னிஸோ வீரம் அனைத்துக்கும் எதிர்நிலையில் நின்றார்; தமிழ் வாசகர் வசந்துக்கு அளித்த அன்பின் ஒரு பகுதி இவருக்கே உரியது. பெண் அதிகாரிகளுக்கு இத்தகைய நிலைத்த செயல் அமையவில்லை. டாக்டர் தாரிகா, ஸ்ரேயா, பூர்வி முதலியோர் விரும்பப்பட்டனர் எனினும், தாரிகா அபிஜீத்தின் வழியாகவும் ஸ்ரேயா தயாவின் வழியாகவுமே பெரிதும் நினைக்கப்பட்டனர். சுசீலாவுக்கு 1980களின் தமிழ் மாத நாவல் தந்த இடத்தைத் தொலைக்காட்சி இவர்களுக்குத் தரவில்லை என்பது வியப்புக்குரியது.

நடிப்புத் திறன் இத்தொடரில் இல்லை என்பாரும் உளர். 2004இல் 111 நிமிடப் பகுதி ஒன்றை வெட்டே இல்லாத ஒரே காட்சியாக இக்குழு படமாக்கியது. அது கின்னஸ் பதிவு பெற்றது. ஒருவரையொருவர் அறிந்து பழகிய கூத்துக் குழுவுக்கே இயலும் செயல் இது.

நீதிமன்றம் இல்லாத கதை

தமிழ் மரபின் துப்பறிவாளருள் பெரும்பாலோர் காவல்துறைக்கு வெளியே நிற்பவர்கள். பரத்தும் நரேந்திரனும் தனியார் நிறுவனம் நடத்தினர். கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். காவல்துறை குற்றவாளி எனக் காட்டும் ஒருவர் குற்றமற்றவராக இருக்கக்கூடும் என்னும் எண்ணமே அவர்களுடைய தொழிலின் தொடக்கப்புள்ளி. ‘சி.ஐ.டி.’யில் அத்தகைய வழக்கறிஞருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. தயாவின் அறை விழுகிறது, குற்றவாளி ஒப்புக்கொள்கிறான், தூக்குதான் உனக்கு என்று பிரத்யுமன் அறிவிக்கிறார், கதை முடிகிறது. அமெரிக்கத் தொடரான ‘லா அண்ட் ஆர்டர்’ (1990) தன் நேரத்தின் ஒரு பாதியைக் காவலருக்கும் மறு பாதியை அரசு வழக்கறிஞருக்கும் ஒதுக்கியதை இதனோடு ஒப்பிடலாம்.

சட்டம் சொல்வது முற்றிலும் வேறு. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் விதித்தது. காவலர் அடித்து வாங்குவர் என்னும் அச்சமே அப்பிரிவின் காரணம். அரிதினும் அரிதான வழக்குகளிலேயே மரண தண்டனை என உச்ச நீதிமன்றம் 1980இல் பச்சன் சிங் வழக்கில் வரையறுத்தது. கைது, காவல் ஆகியவற்றுக்கான நெறிமுறைகளை டி. கே. பாசு வழக்கில் அது வகுத்தது 1996 டிசம்பரில். தொடர் தொடங்கியது அதற்குப் பதின்மூன்று மாதங்கள் கழித்து.

பார்வையாளர் வன்முறையை விரும்பினர் என்று இதிலிருந்து முடிவு செய்வது பிழையாகும். அவர்கள் விரும்பியது தயாவை. கதவும் கன்னமும் ஒரே கையால் தாக்கப்பட்டதால், கதவுக்குக் கிடைத்த சிரிப்பு கன்னத்துக்கும் கிடைத்தது. மேலும், இக்கதையில் அறை வாங்குபவன் உண்மையில் குற்றவாளி என்பதை எழுத்தாளர் முன்னரே உறுதிசெய்துவிடுகிறார். ஆகவே தவறான ஆள் அடிபடும் வாய்ப்பு எழுவதே இல்லை. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலை அடியொற்றி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ (2015) அந்த ஒரு வாய்ப்பையே முழுக்கதையாக்கியது. அதிலும் காவலர் குழு உண்டு, வேலைப் பங்கீடு உண்டு. காமிராதான் அடிபடுபவர் பக்கம் நிற்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தமிழ்ப் பார்வையாளர் முன் இருந்தவை இவ்விரு படிமங்களும்தாம்.

மரணமும் மீட்சியும்

தொடர் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஓராண்டுக்கு முன்பே, 2023 டிசம்பரில், பட்னிஸ் மறைந்திருந்தார். 2025 ஏப்ரலில் பிரத்யுமன் கொல்லப்பட்டதாகக் கதையில் காட்டப்பட்டு, சோனி தொலைக்காட்சி அப்பாத்திரத்துக்கு அஞ்சலியும் வெளியிட்டது. பார்வையாளர் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. சில வாரங்களில் சாட்டம் திரும்பி வந்தார். 1893இல் தாம் கொன்ற ஷெர்லாக் ஹோம்ஸை ஆர்தர் கோனன் டாயில் உயிர்ப்பித்துத் தரப் பத்தாண்டுகள் ஆயின. ஹோம்ஸ் ஓர் எழுத்தாளருக்கு உரியவர்; பிரத்யுமன் எவருக்கு உரியவர் என்பதை எதிர்ப்புக் குரல்கள் தெளிவாகவே கூறின. திரும்பி வந்தவரோ கையைச் சுழற்றினார், ஐயத்தை வெளியிட்டார், குழுவை ஏவினார். இதற்கிடையே 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் நீங்கி, பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்திருந்தது. 25ஆம் பிரிவின் விதி இப்போது அதன் 23ஆம் பிரிவில் இருக்கிறது.